“ஞாயிறுகளில் மாற்றித் தரப்படாது!” - தி.நகர் கடைவீதியில் ஒரு நாள்

மாம்பலம் ரயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே, யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். வெறுங்கையோடு இறங்குபவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மடித்த கட்டைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்குபவர்கள் துணி எடுக்க வந்தவர்கள். அந்தப் பையிலும் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் இருக்கும். போன தீபாவளிக்கோ, அதற்கு முந்தைய வருடக் கல்யாணத்துக்கோ கடையில் கொடுத்த பை அது.

கட்டைப்பைக்காரர்களில் பலர் தி.நகர்வாசிகள் இல்லை. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு என்று தாம்பரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மின்சார ரயில் ஏறி வருகிறவர்கள்.

கஸ்டமர் சர்வீஸ் பற்றி எழுத வேண்டும் என்று முடிவானதும் நான் தி.நகரைத் தேர்ந்தெடுத்தது இவர்களுக்காகத்தான். பக்கத்துத் தெரு மளிகைக்கடையில் ஏதாவது சரியில்லை என்றால் சாயங்காலமே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து வாங்கிப் போகிற ஒருவருக்கு, கடைக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. காசும் நேரமும் சம்பந்தப்பட்ட விஷயம்.

சிங்கப்பெருமாள்கோவிலில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வாரத்தில் ஞாயிறு மட்டும் லீவு.

“ரயில் டிக்கெட்டு, வெளியில சாப்பாடு, சின்னவன் கேக்குற ஐஸ்க்ரீம், என்னோட ஒரு நாள் லீவு... இதெல்லாம் சேத்துதான் தம்பி எங்களுக்குத் துணியோட விலை. சீட்டுல போட்டிருக்கிறது கடைக்காரரோட விலை” என்றார்.

அன்று முழுக்க தி.நகரில் சுற்றியதில், கஸ்டமர் சர்வீஸ் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏரி இருந்த இடம்

இன்று ஜன அலை அடிக்கும் இந்த இடத்தில் நூறு வருடங்களுக்கு முன்னால் நிஜமான தண்ணீர் இருந்தது. மாம்பலம் ஏரி. ஆங்கிலேயர்கள் இதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். நகரம் வளர, வீட்டுமனைகள் தேவைப்பட, 1920-களில் ஏரியை மூடி ஊர் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் நினைவாகத் தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் இருக்கும் பூங்காவுக்கு, அன்றைய சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். 1928-ல் தொடங்கிய நல்லி போன்ற ஜவுளிக்கடைகள் இந்த ஊரோடு சேர்ந்தே வளர்ந்தன.

பழைய பட்டுப்புடவைக் கடைகள் எப்படி இருக்கும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளை விரிப்பு போட்ட மேடை. அதன்மேல் சம்மணம் போட்டு விற்பனையாளர் உட்கார்ந்திருப்பார். எதிரே குடும்பத்தோடு நாமும் உட்கார வேண்டும். “என்ன விசேஷம், பொண்ணு என்ன நிறம்?” என்று விசாரித்துவிட்டுத்தான் முதல் புடவையைப் பிரிப்பார். ஐம்பது புடவை பிரித்துப்போட்டு ஒன்று எடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். சில சிறு நகரங்களில் இந்த மாதிரிக் கடைகளை இன்னும் பார்க்கலாம்.

அந்த மேடையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாங்குகிறவரும் உட்கார்ந்திருந்தார், விற்கிறவரும் உட்கார்ந்திருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

பில் தராத கடைகள்

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேராக ரங்கநாதன் தெரு. ஒரு கிலோமீட்டர்கூட நீளமில்லாத தெருதான். ஆனால் பண்டிகை நேரத்தில் உஸ்மான் சாலை முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பு பத்திரமாக இருந்தால் அதிர்ஷ்டம். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்களுக்காக 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் இருக்கிறது. ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிற 570 மீட்டர் பாலம். மேலே நடந்தால் காற்று வரும், கீழே நடந்தால் கடை வரும். நான் கீழே நடந்தேன்.

ஹேர் கிளிப், டீ வடிகட்டி, நைட்டி, குழந்தைகளுக்கான டவுசர் என எல்லாமே நடைபாதையில் கிடைக்கும். இங்கே பில் கிடையாது, டிரையல் ரூம் கிடையாது, ஏசி கிடையாது. சட்டப்படி பார்த்தால் இங்கே வாங்குகிறவர் கையில் எந்த ஆதாரமும் இல்லை.

ஆனாலும் நைட்டி விற்கும் ஒரு அம்மாவிடம் ஒரு பெண், “எல்.எல் சைஸ் சரியா இருக்குமா?” என்று கேட்டபோது அவர் சொன்னதைக் கேளுங்கள். “துவைச்சா ஒரு பிடி சுருங்கும் கண்ணு. ஒரு சைஸ் பெருசா எடு. அப்பவும் சேரலைன்னா கொண்டா, நான் எங்கயும் போகப்போறதில்ல, இதே தூண் பக்கத்துலதான் இருப்பேன்.”

பில்லுக்குப் பதில் தூண். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாமே இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் துவைத்த பிறகு தெரியப்போகும் குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டார். தப்பாகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார். எங்கே வந்து கேட்க வேண்டும் என்று இடத்தையும் காட்டிவிட்டார். பல மாடிக் கடைகள் இந்த மூன்றையும் சொல்வதில்லை.

எல்லா நடைபாதைக் கடைகளும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சாயம் போகாது என்று சத்தியம் செய்துவிட்டு அடுத்த வாரம் இடத்தை மாற்றுகிறவர்களும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், “எப்பவும் இங்கதான் இருப்பீங்களாண்ணே?” என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது மாடியில்...

அடுத்ததாக ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். சுடிதார் பிரிவு மூன்றாவது மாடியில்.

இந்த மாதிரிக் கடைகளின் நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிடித்ததை எடுத்துக் கொடுத்தால் அங்கேயே சீட்டு போடுவார்கள். அந்தச் சீட்டோடு கேஷ் கவுன்ட்டர் வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டும். பிறகு டெலிவரி கவுன்ட்டருக்குப் போய், பில்லைக் காட்டித் துணியை வாங்க வேண்டும். வெளியே போகும்போது செக்யூரிட்டி பில்லில் ஒரு முத்திரை குத்துவார். ஒரு சுடிதாருக்கு நான்கு பேர் முன்னால் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் வந்துபோகும் கடையில் திருட்டையும் குளறுபடியையும் தடுக்க இப்படி ஓர் ஏற்பாடு தேவைதான். ஆனால், இந்த நால்வரில் நம்மிடம் உண்மையிலேயே பேசுகிறவர் ஒருவர்தான். துணியை எடுத்துக் காட்டுகிற விற்பனையாளர்.

அந்த மாடியில் இரண்டு விற்பனையாளர்களைப் பக்கத்துப் பக்கத்தில் நின்று கவனித்தேன். இரண்டு பேருமே இருபதைத் தாண்டாத பெண்கள்.

முதலாமவரிடம் ஓர் அம்மா, “அறுநூறு ரூபாய்க்குள்ள இருக்காம்மா?” என்றார். “அந்த ரேட்டெல்லாம் இங்க இல்ல, கீழ பாருங்க” என்று பதில் வந்தது. தவறான தகவல் இல்லை. ஆனால் பின்னால் நின்ற நான்கு பேருக்கும் கேட்கும்படி சொன்ன பதில். அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கீழே எந்த மாடி, எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டாமவரிடம் இன்னொரு குடும்பம். அவர் எடுத்துப்போட்ட டாப்பின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “அக்கா, இதுல லைனிங் இல்ல. காலேஜுக்குப் போடுறதுனா உள்ள ஒண்ணு போடணும். அந்தச் செலவையும் சேத்துப் பாத்துக்கங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “முதல் தடவை தனியா ஊறவைங்க, சிவப்பு கொஞ்சம் இறங்கும்” என்றார்.

அந்தக் குடும்பம் அந்த டாப்பை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணையும் விடவில்லை. அவர் காட்டிய வேறு இரண்டு செட்களை எடுத்துக்கொண்டு, “உன் பேர் என்னம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அடுத்த முறை வரும்போது தேடுவதற்காக.

முதல் பெண்ணைக் குறை சொல்லி இந்தப் பகுதியை முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமாக இருக்காது. ஏன் என்றால்...

நிற்கிறவர்களின் கால்கள்

அந்த மாடியில் சுற்றிப் பார்த்தேன். விற்பனையாளர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத கவுன்ட்டர்களிலும் நின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் ஒரே ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடிக்க வேண்டிய துணிகள் உட்கார்ந்திருந்தன.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021 செப்டம்பரில் அதில் ஒரு திருத்தத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கேரளாவில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருடங்கள் நடத்திய போராட்டம் இருக்கிறது.

ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் திரையில் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, எதிரே நிற்கும் பையனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

“காலையில வந்ததுல இருந்து நிப்போம் சார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாதம் எரியும். அப்ப ஒருத்தர் இருபதாவது துணியைக் காட்டுன்னு சொன்னா, சிரிச்சுக்கிட்டே எடுக்கணும்னுதான் நினைப்போம். சில நேரம் முகம் வராது” என்றார் தென்மாவட்டத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஓர் இளைஞர். அவர் எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை.

‘சிரித்த முகத்தோடு சேவை செய்யுங்கள்’ என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பத்து மணி நேரம் நின்ற கால்களுக்கு மேல் சிரிப்பை எத்தனை நேரம் ஒட்டிவைக்க முடியும்? பழைய கடையின் வெள்ளை விரிப்பு மேடையில் ஐம்பது புடவை பிரித்துப்போட்டவரின் பொறுமைக்கு, அவர் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம். நமக்குக் கிடைக்கிற சேவையின் தரம், விற்பனையாளர் நம் முன்னால் வந்து நிற்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

பில்லின் கடைசி வரி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கடையின் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டர் அருகில் நின்றேன். புதுத்துணி பிரிவில் இருக்கும் வெளிச்சம் இங்கே இல்லை. பெரும்பாலும் இது மாடிப்படிக்குக் கீழேயோ, பேஸ்மென்ட் மூலையிலோதான் இருக்கும்.

ஜவுளிக்கடை பில்லைக் கடைசிவரை படித்திருக்கிறீர்களா? சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். ‘ஒரு வாரத்துக்குள் மட்டும்.’ ‘காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டும்.’ ‘பணம் திருப்பித் தரப்படாது.’ சில கடைகளில் இன்னொன்றும் இருக்கும். ‘ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மாற்றித் தரப்படாது.’

கூட்ட நாளில் விற்பனையைக் கவனிக்கவே ஆள் போதாது, அதனால் இந்த விதி என்பது கடைக்காரர்களின் தரப்பு. புரிகிறது. ஆனால் அந்த கேன்டீன் அக்காவை நினைத்துப் பாருங்கள். அவர் வர முடிந்த ஒரே நாள் ஞாயிறு. அவரைப் பொறுத்தவரை அந்த வரியின் அர்த்தம், ‘உங்களுக்கு மாற்றித் தரப்படாது’ என்பதுதான். வார நாளில் வர வேண்டும் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். பல நேரங்களில் அந்தச் சம்பளம், மாற்ற வேண்டிய சட்டையின் விலையைவிட அதிகம். அதனால் அளவு சேராத சட்டை பீரோவிலேயே கிடக்கும். இல்லாவிட்டால் சித்தி பையனுக்குப் போய்ச் சேரும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தருவது பெரும்பாலும் அந்தந்தக் கடையின் கொள்கை. ஆனால் பொருளிலேயே குறை இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் தர வேண்டும். காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். பில் தராமல் இருப்பதும் இதே சட்டத்தின்படி முறையற்ற நடைமுறைதான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு முக்கியமான வசதி இருக்கிறது. தி.நகரில் வாங்கிய பொருளுக்குச் சென்னையில்தான் வழக்கு போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்னை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் கொடுக்க வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முந்தைய படியாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தும் புகார் சொல்லலாம்.

பில் போடும்போது “மொபைல் நம்பர் சொல்லுங்க” என்று கேட்கிறார்களே, அதையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-ல் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

ஆனால் அளவு சேராத ஒரு சட்டைக்காக யாரும் ஆணையத்துக்குப் போகப்போவதில்லை. நான் கவனித்த கவுன்ட்டரில் ஒரு நடுத்தர வயது ஊழியர் இருந்தார். ஒரு தாத்தா பேரனின் பேன்ட்டை மாற்றக் கொண்டுவந்திருந்தார். பில்லில் போட்ட நாள் கணக்கைத் தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. ஊழியர் பில்லைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். “எங்கிருந்து வர்றீங்க ஐயா?” என்றார். “மதுராந்தகம்” என்று பதில் வந்தது. “உக்காருங்க, சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்” என்று எழுந்து போனார். பத்து நிமிடத்தில் வேறு அளவு பேன்ட் வந்தது.

விதியை மீறச் சொல்லவில்லை. ‘எங்கிருந்து வர்றீங்க?’ என்ற கேள்வியைக் கேட்டால் போதும் என்கிறேன்.

வாசலுக்கே வரும் போட்டி

வெயில் தாழ்ந்ததும் பாண்டி பஜார் பக்கம் நடந்தேன். இந்தப் பெயருக்கும் புதுச்சேரிக்கும் சம்பந்தம் இல்லை. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியனாரின் பெயரால் அமைந்த அங்காடி இது. 2019 நவம்பரில் இங்கே அகலமான நடைபாதை வளாகம் திறந்த பிறகு, உட்கார இருக்கைகள் வந்துவிட்டன. மாலையில் அந்த இருக்கைகளில் பெரும்பாலும் அப்பாக்கள்தான். இரண்டு பக்கமும் கட்டைப்பைகள், நடுவில் அப்பா, கையில் போன்.

அந்த போனில்தான் கடைகளுக்கான போட்டியும் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய சட்டை சேரவில்லை என்றால், பெரும்பாலும் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். “அப்படியிருக்க ஏன் சார் இவ்வளவு தூரம்?” என்று ஒரு அப்பாவிடம் கேட்டேன்.

“தொட்டுப் பாக்கணும்ல தம்பி” என்றார் முதலில். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்புறம், போன் எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லும். கடையில யாராவது ஒருத்தர், ‘சார், இது உங்களுக்கு வேணாம், வேற பாருங்க’ன்னு சொல்லுவாங்க. அதுக்குத்தான் வர்றோம்” என்றார்.

இத்தனை மாடிகளும், இத்தனை விளக்குகளும் வைத்திருக்கும் கடைகளிடம் போனில் இல்லாத விஷயம் இந்த ஒருவர்தான். அவரை உட்காரவிடாமல், பேச நேரம் கொடுக்காமல், தீர்மானம் எடுக்க அதிகாரம் தராமல் வைத்திருந்தால், வாடிக்கையாளர் மின்சார ரயில் ஏறி வர வேறு என்ன காரணம் மிஞ்சும்?

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியதும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். மாற்ற எத்தனை நாள் அவகாசம்? எந்தக் கிழமை, எந்த நேரம்? இதே கடையின் வேறு கிளையில் மாற்றலாமா? தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ கிளை இருந்து, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் உங்கள் ஒரு நாள் மிச்சம். கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல கடை இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்லும். சலித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். அப்படியே, நன்றாகக் கவனித்த விற்பனையாளரின் பெயரை வெளியே வரும்போது மேனேஜரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். புகார்களுக்கு மட்டும் புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் ஒரு பாராட்டு ரொம்ப நாள் பேசப்படும்.

இரவு மீண்டும் ரங்கநாதன் தெருவுக்கு வந்தபோது ஷட்டர்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. யூனிஃபார்ம் புடவையும் பேட்ஜுமாக, கடைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். நாள் முழுக்க விற்றவர்கள் இப்போதுதான் வாங்குகிறார்கள். ஒரு நடைபாதைக் கடையின் முன்னால் நான்கைந்து பேர் குனிந்து செருப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெத்தென்ற அடிப்பாகம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். நாளைக்கும் நிற்க வேண்டுமே!

அவர்களில் ஒருத்தி விலையைப் பேசி முடித்துவிட்டு, காசை எடுப்பதற்கு முன் கேட்டாள்.

“அண்ணா, கடிச்சா நாளைக்கு மாத்தித் தருவீங்கல்ல?”

“நீ எப்ப வருவ?”

“கடை மூடுனதுக்கு அப்புறம்தான்ணா வர முடியும்.”

“பரவால்ல, இருக்கேன். வா.”